பிஎச்பி எக்ஸ்டென்ஷனுக்கு இலகுவான இன்ஸ்டோலர்: கொம்பைல் செய்ய முதல் செய்யவேண்டியவை

உங்கள் கேள்வி இதுதான்: வெள்ளவத்தையில் வார இறுதி வகுப்பு, முப்பது மாணவர்கள், ஆளுக்கொரு விதமான லேப்டொப். பாதிப்பேரிடம் விண்டோஸும் சாம்பும் (பிஎச்பி, அப்பாச்சி எல்லாம் ஒன்றாக வரும் தொகுப்பு), மீதிப்பேரிடம் உபுண்டு. ரெடிஸ், இமேஜிக், எக்ஸ்டீபக் என்ற மூன்று எக்ஸ்டென்ஷன்களையும், அதாவது பிஎச்பியோடு கூடுதலாகச் சேர்க்கும் பாகங்களையும், எல்லோருக்கும் போட்டு முடிக்கவே முதல் வகுப்பு போய்விடுகிறது. ஒரே கொமாண்டில் எல்லாவற்றையும் போட்டுவிடும் இன்ஸ்டோலரை நாமே எழுதலாமா, எழுதினால் எப்படி வடிவமைப்பது?

எழுதலாம். ஆனால் இப்படி எழுதப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் பிழையான இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். மூலத்திலிருந்து எக்ஸ்டென்ஷனைக் கட்டும் (கொம்பைல் செய்யும்) பிஎச்பிஐஸ், கொன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டோல் என்ற நான்கு படிகளையும் ஒரு ஸ்கிரிப்டில் கோர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தக் கோர்வையைப் பெக்கிள் என்ற பழைய எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டோலர் வெகுகாலமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறது. கஷ்டம் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. முன்னால், இந்த மெஷினில் ஓடுவது எந்தப் பிஎச்பி என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். பின்னால், போட்டது உண்மையில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தால் நடுவில் உள்ள கொம்பைல் பெரும்பாலான மெஷின்களில் தேவையே படாது.

முதலில் அடையாளம். ஒரு எக்ஸ்டென்ஷன் ஏறுவதற்கு பல விஷயங்கள் பொருந்த வேண்டும். முதலாவது மொடியூல் ஏபிஐ எண், அதாவது எக்ஸ்டென்ஷன் பிஎச்பியோடு பேசும் இடைமுகத்தின் பதிப்பு: பிஎச்பி 8.1க்கு 20210902, 8.2க்கு 20220829, 8.3க்கு 20230831, 8.4க்கு 20240924. 8.3.4க்குக் கட்டியது 8.3.20இல் ஓடும், 8.4இல் ஓடாது. இரண்டாவது த்ரெட் சேஃப் (ஒரே புரொசஸுக்குள் பல இழைகள் ஓடத் தக்க) வகையா, இல்லையா. மூன்றாவது டீபக் பில்டா, சாதாரண பில்டா. நான்காவது புரொசெசர் வகை. லினக்ஸில் இவற்றோடு சி லைப்ரரியும் சேரும்: உபுண்டு, டெபியனில் ஜிலிப்சி, அல்பைனில் மசில். விண்டோஸில் எந்த விஷுவல் ஸ்டூடியோவால் கட்டப்பட்டது என்பது சேரும்: 8.3 வரை விஎஸ்16, 8.4 முதல் விஎஸ்17. ஒன்று பிசகினாலும் போச்சு.

இவற்றை ஊகிக்கக்கூடாது, மாணவரிடம் கேட்கவும் கூடாது. பிஎச்பியிடமே கேட்க வேண்டும். பிஎச்பி கொமாண்டுக்கு மைனஸ் ஆர் கொடுத்து ஒரு சிறு துண்டை ஓடவிட்டு, பிஎச்பி_வேர்ஷன்_ஐடி, பிஎச்பி_செட்டிஎஸ், பிஎச்பி_டீபக், பிஎச்பி_எக்ஸ்டென்ஷன்_டிர், பிஎச்பி_பைனரி ஆகிய மாறிலிகளை ஜேசனாக வாங்கிக்கொள்ளலாம். 8.0 முதல் ஜேசன் எப்போதும் உள்ளே இருப்பதால் அது இல்லாமல் போகும் பயமில்லை. ஒரு பொறி மட்டும் உண்டு. மாணவர் ஏற்கெனவே இரண்டு மூன்று முறை முயன்று ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பைக் குழப்பியிருந்தால், பிஎச்பி தொடங்கும்போதே எச்சரிக்கை வரிகளைக் கக்கும், அவை ஜேசனுக்கு முன்னால் வந்து நிற்கும், உங்கள் பார்சர் விழுந்துவிடும். ஆகவே இரண்டு தடவை ஓட்டுங்கள். ஐஎன்ஐ எதையும் படிக்காத மைனஸ் என் போட்டு ஒரு தடவை: ஏபிஐ, த்ரெட், டீபக் விவரங்களுக்கு. அது இல்லாமல் மறு தடவை: எந்த ஐஎன்ஐ படிக்கப்படுகிறது, எந்தக் கோப்புறை ஸ்கேன் செய்யப்படுகிறது என்று அறிய. இரண்டாவதில் ஜேசனுக்கு முன்னும் பின்னும் ஓர் அடையாளச் சொல்லை அச்சிட்டு, நடுவில் உள்ளதை மட்டும் எடுங்கள்.

அடுத்தது, பிஎச்பி ஒன்றாகவும் பிஎச்பிஐஸ் வேறொன்றாகவும் இருப்பது. உபுண்டுவில் 8.1உம் 8.3உம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது இது சர்வசாதாரணம். கொம்பைல் ஒரு பிழையும் இல்லாமல் முடியும், மாணவர் சந்தோஷப்படுவார், பிறகு பிஎச்பியை ஓட்டினால் ஏபிஐ எண் பொருந்தவில்லை என்ற செய்தி வரும். இதைத் தடுப்பது மிகச் சுலபம். பிஎச்பிஐஸோடு கூடவே வரும் பிஎச்பி-கொன்ஃபிக்கிடம் வேர்நம் என்று கேட்டால் 80304 மாதிரி ஓர் எண் தரும். அதைப் பிஎச்பி_வேர்ஷன்_ஐடியோடு ஒப்பிடுங்கள். சமமில்லை என்றால் கொம்பைலைத் தொடங்கவே வேண்டாம். டெபியன் வழி வந்தவற்றில் பதிப்பு எண் ஒட்டிய பெயரிலேயே பிஎச்பிஐஸ்8.3, பிஎச்பி-கொன்ஃபிக்8.3 என்று இருக்கும். அவற்றை முழுப் பாதையோடு கூப்பிடுங்கள்.

முழுப் பாதை என்று அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம், ரூட் அதிகாரத்தோடு ஓட்டும் சூடோ. பல கணினிகளில் சூடோ உங்கள் பாத்தை (கொமாண்டுகளைத் தேடும் கோப்புறைப் பட்டியலை) எடுத்துவிட்டுத் தன்னுடைய பாதுகாப்பான பாத்தை வைக்கும். சாதாரண பயனராக இருக்கும்போது ஓடிய பிஎச்பி வேறு, சூடோவுக்குள் ஓடிய பிஎச்பி வேறு. ஆகவே இன்ஸ்டோலர் முழுவதையும் சூடோவில் ஓட்டச் சொல்லாதீர்கள். தேடல், டவுன்லோட், கொம்பைல் எல்லாம் சாதாரண பயனராக நடக்கட்டும். கோப்பைக் கடைசி இடத்தில் வைக்கும் படிக்கு மட்டும் சூடோ கேட்கட்டும். கொன்ஃபிகர் என்பது யாரோ எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட். அதை ரூட்டாக ஓட்டுவது பாதுகாப்புக்கும் நல்லதில்லை.

அடையாளம் கிடைத்ததும், எங்கிருந்து எடுப்பது என்ற தீர்மானம். என் பரிந்துரை இந்த வரிசை: இயங்குதளத்தின் பக்கேஜ், பிறகு முன்கூட்டியே கட்டிய கோப்பு, கடைசியாகக் கொம்பைல். உபுண்டு 24.04இன் சொந்தப் பிஎச்பி 8.3. அதற்குப் பிஎச்பி-ரெடிஸ், பிஎச்பி-இமேஜிக், பிஎச்பி-எக்ஸ்டீபக் மூன்றும் உபுண்டுவின் பக்கேஜ் கருவியான ஏப்ட்டிலேயே உண்டு. உங்கள் உபுண்டு மாணவர்களுக்கு ஒரு ஏப்ட் வரியோடு விஷயம் முடிந்தது. இன்ஸ்டோலர் செய்யவேண்டிய புத்திசாலித்தனமான காரியம் அந்த வரியை ஓட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது. இமேஜிக்குக்கு இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் அது இமேஜ்மஜிக் லைப்ரரியின் குறிப்பிட்ட பதிப்போடு பிணைந்திருக்கும். நீங்கள் கட்டிய கோப்பு ஆறாம் பதிப்பைத் தேடும், மெஷினில் ஏழாம் பதிப்பு இருக்கும். அந்தப் பொருத்தம் பார்க்கும் வேலையை டெபியன்காரர்கள் செய்து வைத்திருக்கும்போது நாம் ஏன் திரும்பச் செய்ய வேண்டும்?

ஏப்ட்டில் இல்லாத எக்ஸ்டென்ஷனுக்கோ, பிஎச்பியைத் தனியாகப் போட்டவர்களுக்கோ முன்கட்டிய கோப்பு. இதில் பைதன்காரர்களிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 2012இல் வரையறுக்கப்பட்ட வீல் வடிவத்தில் கோப்பின் பெயரே அடையாள அட்டை: எந்தப் பைதன், எந்த ஏபிஐ, எந்தத் தளம் என்று மூன்றும் பெயரிலேயே இருக்கும். பைதனின் இன்ஸ்டோலரான பிப் தன் மெஷினுக்குப் பொருந்தும் பெயர்களின் பட்டியலைத் தானே உருவாக்கி, அதில் மேலே உள்ளதை எடுக்கும். கோப்பைத் திறந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. பிஎச்பிக்கும் அப்படி ஒரு பெயர் வையுங்கள்: ரெடிஸ்-20230831-நொன்த்ரெட்-ஜிலிப்சி2.31-இன்டெல்64 என்பதுபோல.

ஜிலிப்சி எண்ணைப் பெயரில் வைக்கச் சொல்வது சும்மா இல்லை. உபுண்டு 22.04இல் ஜிலிப்சி 2.35, 20.04இல் 2.31. புதியதில் கட்டிய கோப்பு பழையதில், இன்ன ஜிலிப்சி பதிப்பைக் காணவில்லை என்று சொல்லி நின்றுவிடலாம். பழையதில் கட்டியது புதியதில் ஓடும். ஆகவே எப்போதும் உங்களிடம் உள்ள மிகப் பழைய உபுண்டுவில் கட்டுங்கள். அதற்கென்று மெஷின் தேவையில்லை, அந்தப் பதிப்பை ஒரு பெட்டிக்குள் ஓடவிடும் டொக்கர் இமேஜ் போதும். பைதன் உலகத்தில் பல லினக்ஸ்களிலும் ஓடும் வீல்களுக்கான மெனிலினக்ஸ் வரையறை 2016இல் வந்தபோது அதுவும் வேண்டுமென்றே பழைய சென்ட்ஓஎஸ் 5ஐ அடிப்படையாக எடுத்தது இதே காரணத்துக்காகத்தான்.

விண்டோஸில் கொம்பைல் என்ற பேச்சே வேண்டாம். ஒவ்வொருவருக்கும் விஷுவல் ஸ்டூடியோ போடுவது மாணவரின் டேட்டாவுக்கும் உங்கள் பொறுமைக்கும் கட்டாது. ஆயத்த டிஎல்எல்தான் (விண்டோஸில் எக்ஸ்டென்ஷன் வரும் கோப்புதான்) வழி. இங்கே சறுக்குவது இரண்டு இடத்தில். சாம்போடு வரும் பிஎச்பி அப்பாச்சியின் மொடியூலாக ஓடுவதால் த்ரெட் சேஃப் வகை. இணையத்தில் கண்ணில் படும் முதல் சிப் கோப்பு நொன் த்ரெட் சேஃபாக இருக்கலாம். அது ஏறாது; பில்ட் ஐடி பொருந்தவில்லை என்று பிஎச்பி சொன்னாலும் அந்த வரியை யாரும் படிப்பதில்லை. மற்றது, குறிப்பிட்ட மொடியூலைக் காணவில்லை என்ற செய்தி. கோப்பு கண்முன்னே கோப்புறையில் இருக்கும், விண்டோஸ் இல்லை என்று சொல்லும். அது தேடுவது உங்கள் டிஎல்எல்லை அல்ல, அந்த டிஎல்எல் நம்பியிருக்கும் வேறொன்றை. இமேஜிக்கில் இது நிச்சயம் வரும்: சிப்பில் கூடவே வரும் இமேஜ்மஜிக் டிஎல்எல்கள் பிஎச்பி பைனரி இருக்கும் கோப்புறைக்கோ பாத்தில் உள்ள இடத்துக்கோ போக வேண்டும், எக்ஸ்ட் கோப்புறைக்குள் சேர்த்துப் போட்டால் வேலை செய்யாது. இன்ஸ்டோலர் இந்த இரு வகைக் கோப்புகளையும் பிரித்து வைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கொம்பைல் தவிர்க்க முடியாத சந்தர்ப்பங்களும் உண்டுதான். அப்போது தேவைப்படும் லைப்ரரிகளின் பட்டியலை நீங்களே வைத்திருங்கள்: இமேஜிக்குக்கு லிப்மஜிக்வாண்ட்-டெவ், மெம்கேஷ்டுக்கு லிப்மெம்கேஷ்டு-டெவ், சிப்புக்கு லிப்சிப்-டெவ், போஸ்ட்கிரெஸுக்கு லிப்பிக்யூ-டெவ். கொன்ஃபிகர் பாதி ஓடி விழுந்த பிறகு சொல்வதைவிட, தொடங்க முன்னரே எது இல்லை என்று சொல்வது நல்லது. டெவ் பக்கேஜும் ஓடும்போது வேண்டிய லைப்ரரியும் வெவ்வேறு என்பதையும் மறக்கவேண்டாம். டொக்கர் இமேஜைச் சின்னதாக்க டெவ்வை அழிக்கும்போது அதோடு சேர்ந்து மற்றதும் போய்விட, நேற்று ஓடியது இன்று ஓடாது. கோப்பு நம்பியிருக்கும் லைப்ரரிகளைக் காட்டும் எல்டிடியைப் போட்டுப் பார்த்து, காணவில்லை என்று ஒரு வரி வந்தாலும் நிறுத்துங்கள்.

மேக்கை எத்தனை வேலையாகப் பிரிப்பது என்பதையும் கவனிக்க வேண்டும். புரொசெசர் கோர் எண்ணிக்கையை அப்படியே கொடுப்பது வழக்கம். 4 ஜிபி ரேம் உள்ள லேப்டொப்பில் எட்டுக் கோரும் ஒன்றாகக் கொம்பைல் செய்தால், கொம்பைலர் கொல்லப்பட்டது என்ற ஒற்றை வரியோடு எல்லாம் நிற்கும். ரேம் போதாமல் கேர்னல் கொன்றது என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. ஜிஆர்பிசி போன்ற பெரிய சி++ எக்ஸ்டென்ஷனில் இது மோசம். காலியாக உள்ள ரேமில் ஒரு ஜிபிக்கு ஒரு வேலை, அதற்கு மேல் போகவேண்டாம்.

பெக்கிளின் இன்னும் இரண்டு பழக்கங்களை நீங்கள் தவிர்க்க வேண்டும். அது நடுவில் நின்று கேள்வி கேட்கும்: ரெடிஸ் போடும்போது இக்பைனரி (டேட்டாவைப் பொதிக்கும் எக்ஸ்டென்ஷன்) வேண்டுமா, எல்செட்எஃப் (சுருக்கும் முறை) வேண்டுமா என்று. ஸ்கிரிப்டுக்குள் ஓட்டினால் பதிலுக்காக அப்படியே காத்திருக்கும். இந்தத் தேர்வுகளுக்கு ஓர் இயல்பு விடையை எக்ஸ்டென்ஷனின் மெட்டாடேட்டாவில் (விவரக் குறிப்பில்) எழுதிவைத்து, மாற்ற விரும்புகிறவர் கொமாண்டில் கொடுக்கட்டும். மற்றது, கொம்பைலைத் தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி கோப்புறைக்குள் செய்வது. பாதுகாப்புக்காக அங்கே எதையும் ஓட்டமுடியாதபடி பூட்டிய சேர்வரில் கொன்ஃபிகர் முதல் சோதனையிலேயே, கொம்பைலர் வேலை செய்யவில்லை என்று பொய்க் காரணம் சொல்லி விழும். பயனரின் ஹோம் கோப்புறைக்குள் கட்டினால் இந்தத் தலையிடி இல்லை.

இப்போது பின்பாதி. பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் கோட்டைவிடுவது இங்கேதான்.

கோப்பு கிடைத்தவுடன் ஐஎன்ஐயில் கை வைக்காதீர்கள். முதலில் ஒத்திகை: மைனஸ் என் போட்டு, மைனஸ் டி வழியாக எக்ஸ்டென்ஷன் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து, ஆர்ஐயோடு அதன் பெயரைக் கேளுங்கள். விவரம் அச்சிட்டால் ஏறிவிட்டது. இல்லையென்றால் மாணவரின் பிஎச்பிக்கு ஒரு கீறலும் இல்லாமல் திரும்பிவிடலாம். வேறு எக்ஸ்டென்ஷனை நம்பியிருப்பவற்றுக்கு, அதையும் முன்னால் ஏற்றிக் காட்ட வேண்டும். இக்பைனரியோடு கட்டிய ரெடிஸுக்கு இக்பைனரி முதலில் வரவேண்டும்.

இந்த முன்பின் வரிசை ஐஎன்ஐயிலும் தொடரும். ஸ்கேன் கோப்புறையில் உள்ள கோப்புகள் அகரவரிசையில் படிக்கப்படும். இக்பைனரியின் ஐ ஆங்கிலத்தில் ரெடிஸின் ஆருக்கு முன்னால் வருவது அதிர்ஷ்டம். ஈவென்ட் எக்ஸ்டென்ஷனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை: அது சொக்கெட்ஸை நம்பியிருக்கிறது, பெயரோ அதற்கு முன்னால் வருகிறது, விளைவு வரையறுக்கப்படாத சிம்பல் என்ற பிழை. கொம்பைலில் ஒரு குறையுமில்லை, கோப்பின் பெயரில்தான் குறை. ஆகவே பெயருக்கு முன்னால் இரண்டிலக்க எண் போட்டே எழுதுங்கள். எக்ஸ்டீபக்குக்கு வெறும் எக்ஸ்டென்ஷன் என்று எழுதாமல் செண்ட்_எக்ஸ்டென்ஷன் என்று எழுத வேண்டும்; இது எந்த வகை என்பதும் மெட்டாடேட்டாவில் இருக்க வேண்டிய விஷயம், மாணவர் நினைவு வைத்திருக்கும் விஷயமல்ல.

பிஎச்பி.ஐஎன்ஐயைத் திருத்தாதீர்கள். ஓர் எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு தனிக் கோப்பு. கழற்றுவதென்றால் அந்தக் கோப்பை அழித்தால் போதும். கழற்றும்போது முதலில் ஐஎன்ஐ, பிறகு எக்ஸ்டென்ஷன் கோப்பு. மாறிச் செய்தால் நடுவில் ஓடும் ஒவ்வொரு பிஎச்பியும் எச்சரிக்கை அச்சிடும். சாம்பில் ஸ்கேன் கோப்புறை இல்லாததால் அங்கே மட்டும் பிஎச்பி.ஐஎன்ஐயில் ஒரு வரி சேர்க்க வேண்டிவரும். அதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

பழைய எக்ஸ்டென்ஷன் கோப்பின் மேலேயே புதியதைக் கொப்பி செய்வதும் ஆபத்து. வெப் பக்கங்களுக்குப் பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம் ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கோப்பை மெமரியில் வரைந்து வைத்திருக்கும். உள்ளடக்கம் காலுக்கடியில் மாறினால் புரொசஸ் செத்துவிழும். அதே கோப்புறையில் வேறு பெயரில் எழுதி, பிறகு பெயரை மாற்றுங்கள். அப்போது ஓடுவது பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும், அடுத்து தொடங்குவது புதியதை எடுக்கும்.

டெர்மினலில் தெரிகிறது, வெப் பக்கத்தில் தெரியவில்லை என்ற புகார் உங்களுக்குக் கட்டாயம் வரும். உபுண்டுவில் சிஎல்ஐக்கு (டெர்மினலில் ஓடும் பிஎச்பிக்கு) ஒரு கோப்புறை, எஃப்பிஎம்முக்கு வேறு கோப்புறை. மொட்ஸ்-அவெய்லபிள் கோப்புறையில் எழுதிவிட்டு பிஎச்பிஎன்மொட் கொமாண்டைக் கூப்பிட்டால் அது எல்லாவற்றுக்கும் இணைப்புப் போட்டுவிடும். பிறகு எஃப்பிஎம்மை, அல்லது அப்பாச்சியை, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்ஸ்டோலர் தானாக ரீஸ்டார்ட் செய்யாமல், கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

ஏறியதோடு நிற்காமல் ஒரு சிறு வேலையும் வாங்கிப் பாருங்கள். பல மொழி எழுத்துகளைக் கையாளும் இன்ட்ல் எக்ஸ்டென்ஷனுக்கு நமக்கு இயல்பான சோதனை ஒன்று உண்டு: கொழும்பு என்ற சொல்லைக் கொடுத்தால் யூனிகோட் குறிகளை எண்ணும் எம்பி_ஸ்டர்லென் 8 என்று சொல்லும், கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணும் கிராஃபீம்_ஸ்டர்லென் 4 என்று சொல்ல வேண்டும். 4 வந்தால் இன்ட்ல் நம்பியிருக்கும் ஐசியு லைப்ரரியும் சரியாகப் பிணைந்திருக்கிறது என்று அர்த்தம். பைட்டுகளை எண்ணும் வெறும் ஸ்டர்லென் 24 சொல்வதைக் காட்டினால் அன்றைய பாடத்துக்கும் உதவும்.

பிழைச்செய்திகளைத் தமிழில் கொடுப்பது நல்ல யோசனை, ஆனால் மூல ஆங்கில வரியை மறைக்காதீர்கள். தேடுவதற்கு அதுதான் வேண்டும். மேலே தமிழில் மூன்று வரி: என்ன நடந்தது, ஏன், அடுத்து எதை அடிப்பது. கீழே அந்த ஆங்கில வரி, முழு லொக் இருக்கும் இடம்.

இனி, முழுவதையும் நீங்களே எழுத வேண்டுமா என்ற கேள்வி. வேண்டாம் என்பது என் கருத்து. பிஎச்பி ஃபவுண்டேஷனின் பை என்ற இன்ஸ்டோலர் 2025இல் 1.0க்கு வந்துவிட்டது. ஒற்றை ஃபார் கோப்பு, அதாவது முழு நிரலும் ஒரே கோப்பில். பிஎச்பி பக்கேஜ்களின் இணையப் பட்டியலான பக்கேஜிஸ்டில் உள்ள பெயரைக் கொடுத்தால், எக்ஸ்டீபக்/எக்ஸ்டீபக் என்பதுபோல, எடுத்துவந்து போட்டு ஐஎன்ஐயிலும் சேர்த்துவிடும். எக்ஸ்டென்ஷன் எந்த வகை, எந்த முன்னுரிமை எண், என்ன கொன்ஃபிகர் தெரிவுகள் என்பதெல்லாம் எக்ஸ்டென்ஷனோடு வரும் கொம்போசர் ஜேசன் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். விண்டோஸில் ஆயத்த டிஎல்எல்லை எடுக்கும். லினக்ஸில் பெரும்பாலும் மூலத்திலிருந்து கட்டும். அது ஓட பிஎச்பி 8.1 அல்லது அதற்கு மேல் வேண்டும், ஆனால் வேறு பிஎச்பியின் பிஎச்பி-கொன்ஃபிக் பாதையைக் கொடுத்தால் அதற்கும் போட்டுத்தரும்.

ஆகவே நீங்கள் எழுதவேண்டியது பையின் மேல் ஒரு மெல்லிய உறை: அடையாளம் எடுப்பது, உபுண்டுவில் ஏப்ட்டுக்கு அனுப்புவது, மிஞ்சியதைப் பையிடம் கொடுப்பது, ஒத்திகையும் சோதனையும் பார்ப்பது, தமிழில் பேசுவது. சில நூறு வரிகளுக்குள் முடியும். அதோடு வகுப்பறையில் ஒரு லேப்டொப்பை உள்ளூர் மிரராக (கோப்புகளின் நகல் களஞ்சியமாக) வையுங்கள். தேவையான டிஎல்எல் சிப்புகளும் முன்கட்டிய கோப்புகளும் அதில் இருக்கட்டும்; ஒவ்வொன்றுக்கும் ஷா-256 எண்ணை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகையை) ஒரு பட்டியலில் எழுதி, இன்ஸ்டோலர் எடுத்தவுடன் சரிபார்க்கட்டும். முப்பது பேரும் மொபைல் டேட்டாவில் ஒரே கோப்பை முப்பது தடவை இறக்கவேண்டியதில்லை. அறையின் வைஃபை போதும், இணையம் போனாலும் வகுப்பு நிற்காது.

போட்ட எக்ஸ்டென்ஷன்களின் பெயர், பதிப்பு, ஏபிஐ எண் மூன்றையும் மாணவரின் ஹோமில் ஒரு ஜேசன் கோப்பில் எழுதிவையுங்கள். யாராவது 8.3இலிருந்து 8.4க்கு மாறும் நாளில் ஏபிஐ கோப்புறையே மாறிவிடும், எல்லா எக்ஸ்டென்ஷனும் ஒரேயடியாகக் காணாமல் போகும். அன்றைக்கு அந்தக் கோப்பைப் படித்து எல்லாவற்றையும் மறுபடி போடும் கொமாண்ட் ஒன்று இருந்தால், அடுத்த வகுப்புக்கு அவர் நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்.